இடிக்காமல் புதுக்கியவர்

1861ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒருநாள் இரவு, ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பழமையான அடுக்குமாடி வீடு ஒன்று திடீரெனச் சரிந்து விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 35 பேர் இடிபாடுகளுக்குள் சிக்கி மாண்டனர். புயலோ நிலநடுக்கமோ அதற்குக் காரணம் அன்று. நெடுங்காலம் பேணப்படாமல் விடப்பட்ட சுவர்கள் தம்மால் இயன்றவரை தாங்கியிருந்து, தாங்க இயலாத நாளில் வீழ்ந்தன. அந்த விபத்து நகராட்சியை உலுக்கியது. அடுத்த ஆண்டே நகருக்கென நலவாழ்வு அலுவலர் ஒருவர் அமர்த்தப்பட்டார். 1867இல் நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய வீடுகளை இடித்து அகன்ற சாலைகளை அமைப்பதே நோய்க்கு மருந்து என்று அன்றைய ஆட்சியாளர் நம்பினர். இடித்த இடங்களில் வாழ்ந்த ஏழைகள் எங்குச் சென்றனர் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. அவர்கள் அருகிலிருந்த மற்றொரு பாழ்வீட்டில், ஏற்கெனவே நெருக்கியடித்து வாழ்ந்தவர்களோடு சேர்ந்து நெருங்கினர். அவ்வளவே.

அந்த விபத்து நிகழ்ந்தபோது ஏழு வயதுச் சிறுவனாக இருந்த பேட்ரிக் கெடிஸ், பின்னாளில் இந்த மருந்தே நோயினும் கொடியது என்று துணிந்து கூறியவர். கூறியதோடு நில்லாமல், அந்தப் பாழ்வீடுகளுள் ஒன்றில் தாமே குடியேறியவர்.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை படையில் பணியாற்றியவர். குடும்பம் பெர்த் நகரின் குன்றுச்சரிவில் இருந்த சிறுவீட்டில் வாழ்ந்தது. அவ்வீட்டின் தோட்டத்தில் தந்தையோடு கிழங்கு நட்டதும், மலர்ச்செடிகளைப் பேணியதும், அங்கிருந்து கீழே விரிந்து கிடந்த நகரத்தை நாள்தோறும் நோக்கியதுமே அச்சிறுவனின் முதற்கல்வி. தோட்டத்தையும் ஊரையும் ஒரே பார்வையில் காணும் பழக்கம் அவரைவிட்டு இறுதிவரை நீங்கவில்லை.

இளமையில் அவர் நாடியது உயிரியல். இலண்டனில் தாமசு ஹக்சிலியிடம் பயின்றார். 1879இல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோவுக்குச் சென்றார். அங்கே நோயுற்றுக் கண்பார்வையை இழந்தார். இருட்டறையில் பல வாரங்கள் அடைபட்டுக் கிடந்த அந்த இருபத்தைந்து வயது இளைஞர், சன்னல் கண்ணாடிகளின் சட்டங்களை விரல்களால் தடவித் தடவி, அந்தக் கட்டங்களுக்குள் தம் எண்ணங்களை அடுக்கிப் பார்த்தார். இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எவ்வாறு ஆக்குகின்றன என்பதே பின்னர் அவர் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த பொருள். பார்வை மீண்டது, ஆயினும் நுண்ணோக்கியின்முன் நெடுநேரம் அமரும் ஆற்றல் மீளவில்லை. நுண்ணுயிர்களை நோக்க வேண்டிய கண்கள் நகரங்களை நோக்கத் திரும்பின.

ஜேம்ஸ் கோர்ட்டில் குடியேற்றம்

1886இல் கெடிஸ், லிவர்பூல் வணிகர் ஒருவரின் மகளான அன்னா மார்ட்டனை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் எடின்பரோவின் பழைய நகர்ப்பகுதியில் இருந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் குடியிருப்பில் குடிபுகுந்தனர். உற்றாரும் நண்பரும் திகைத்தனர். திகைப்பில் வியப்பில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் மெய்யியலறிஞர் டேவிட் ஹியூமும், வாழ்க்கை வரலாற்றாசிரியர் பாஸ்வெல்லும் வாழ்ந்த பெருமை அந்த முற்றத்துக்கு உண்டு. ஆனால், புதிய நகர்ப்பகுதி எழுந்ததும் செல்வர் அனைவரும் அங்குச் சென்றுவிட, பழைய மாடங்கள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வறியவர்க்கு வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறைக்குள் ஒரு குடும்பம். காற்றோ வெளிச்சமோ அரிது. குப்பை முற்றத்தில் குவிந்தது. வாடகை வாங்கியவர் பழுது பார்க்கவில்லை. வாடகை கொடுத்தவருக்குப் பழுது பார்க்கும் வசதி இல்லை. மாடங்கள் பாழானதன் கதை பெரும்பாலும் இவ்வளவுதான்.

அன்னா அப்போது தாய்மையுற்றிருந்தார் அல்லது கைக்குழந்தையோடு இருந்தார் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அக்குடியேற்றத்தின் துணிவு விளங்கும். மூத்த மகள் நோரா பிறந்தது அதே 1887இல்தான். வசதியான வீட்டில் வளர்ந்த அப்பெண்மணி, படிக்கட்டுகளின் நாற்றத்தையும் அண்டை வீடுகளின் இரைச்சலையும் ஏற்றுக்கொண்டு அங்கு இல்லறம் நடத்தினார். கெடிஸைப் போற்றும் நூல்கள் பல அன்னாவை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது நேர்மையன்று. கணவரின் கனவுகளுக்குக் கணக்கெழுதி, கடன்காரர்களுக்கு விடை கூறி, வீட்டை நிலைநிறுத்தியவர் அவரே.

தம் வீட்டைச் சீராக்குவதிலிருந்து இருவரும் தொடங்கினர். சுவர்களைச் சுரண்டி வெள்ளையடித்தனர். அடைபட்ட சன்னல்களைத் திறந்து வெளிச்சம் வரச் செய்தனர். சன்னலுக்கு வெளியே மரப்பெட்டிகளில் மண் நிரப்பி மலர்ச்செடிகளை வளர்த்தனர். முதலில் எட்டி நின்று பார்த்த அண்டை வீட்டார், பின்னர்ச் சுண்ணாம்பும் தூரிகையும் கேட்டு வந்தனர். குப்பை அகற்றப்பட்ட முற்றத்தில் மக்கள் கூடி வேலை செய்தனர். அறிவுரை கூறுவதற்கு வந்த கனவானாக அன்றி, தம்மோடு சேர்ந்து சுவர் தேய்க்கும் குடித்தனக்காரராகக் கெடிஸ் இருந்ததே அம்மக்களை அசைத்தது.

இந்தச் சிறு முயற்சியிலிருந்தே அவருடைய கொள்கை உருவாயிற்று. அதற்கு அவர் மருத்துவத்திலிருந்து பெயரிட்டார். உயிரைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டும் கத்தியை வைக்கும் மருத்துவரைப் போல, மீட்கவே இயலாத சுவரை மட்டும் நீக்கி, எஞ்சியவற்றைச் செப்பனிட்டு, நீக்கிய இடத்தில் காற்றும் மரநிழலும் வரச் செய்வதே அம்முறை. காக்கும் அறுவை என்று அதனைத் தமிழில் கூறலாம். நோயை அறியாமல் மருந்து கொடுக்கலாகாது என்பதால், எந்தத் தெருவையும் வீடு வீடாக ஆராய்ந்த பின்னரே வரைபடம் தீட்ட வேண்டும் என்பது அவர் தமக்கும் பிறர்க்கும் விதித்த ஒழுங்கு.

1888இல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியரானார். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே அப்பணி. எஞ்சிய காலம் எடின்பரோவுக்கு உரியதாயிற்று. பழைய மாளிகைகளைப் புதுக்கி மாணவர் விடுதிகளாக்கினார்; அவ்விடுதிகளை மாணவர்களே ஆண்டுகொண்டனர். கோட்டைக்கு அருகே, கவிஞர் ஆலன் ராம்சேயின் பழைய எண்கோண வீட்டைச் சுற்றி, ராம்சே கார்டன் என்னும் வண்ணமிகு குடியிருப்பை எழுப்பினார். கற்றவரும் வசதியுடையவரும் மீண்டும் பழைய நகரில் ஏழைகளுக்கு அருகே வாழ வேண்டும் என்பதே அவர் நோக்கம். 1892இல் அவர் வாங்கிய கோபுரம் ஒன்று நோக்குக் கோபுரம் எனப் பெயர்பெற்று, நகரைப் பற்றிய காட்சிக்கூடமாக வளர்ந்தது. நோக்கம் உயர்ந்தது, கணக்கோ அப்படி இல்லை. வாங்கியவையும் கட்டியவையும் கடனாக மலைந்து நின்றபோது, நண்பர்கள் 1896இல் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தி அச்சொத்துகளை ஏற்றுக்கொண்டனர். பணத்தை ஆளும் கலை கெடிஸுக்கு இறுதிவரை வாய்க்கவில்லை.

பிற்காலத்தில் அவருடைய குழுவினர் பழைய நகரில் பயனின்றிக் கிடந்த வெற்றிடங்களை அளந்தனர். அவை ஏறத்தாழ 10 ஏக்கர் இருந்தன. அவற்றுள் சிலவற்றைக் குழந்தைகள் விளையாடும் தோட்டங்களாக்கும் பணியில் மகள் நோரா முன்னின்றார்.

தமிழகத்தில்

1914இல் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லாண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்றுக் கெடிஸ் இந்தியாவுக்கு வந்தார். அவர் பல்லாண்டுகள் சேர்த்த வரைபடங்களும் படங்களும் அடங்கிய நகரமைப்புக் கண்காட்சி, கிளான் கிராண்ட் என்னும் மற்றொரு கப்பலில் பின்தொடர்ந்தது. முதல் உலகப்போர் மூண்டிருந்த நேரம் அது. அந்தக் கப்பலை எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் அக்டோபரில் கடலில் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்க் கிடங்குகளைச் செப்டம்பரில் எரித்ததும் இதே எம்டன்தான். இன்றும் தமிழ்ப் பேச்சுவழக்கில் வல்லாளனைக் குறிக்கும் சொல்லாக அப்பெயர் வழங்குகிறது. வாழ்நாள் உழைப்பு கடலடியில் கிடந்தது. எனினும், பிரித்தானியாவில் இருந்த நண்பர்கள் விரைந்து திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915இன் தொடக்கத்தில் சென்னையில் கண்காட்சி நடந்தேறியது. மூத்த மகன் அலாஸ்டர் தந்தைக்குத் துணைநின்றார்.

பின்னர் மாகாணத்தின் ஊர்களை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியைப் பற்றிய அவருடைய ஆய்வு இன்றளவும் நகரமைப்பு மாணவர்களால் பயிலப்படுகிறது. அங்கே நெருக்கத்தைப் போக்க, கட்டம் கட்டமாக நேர்த்தெருக்களை வெட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டிருந்தது. வரைதாளில் அளவுகோலை வைத்துக் கோடு இழுப்பது எளிது. அக்கோடு எத்தனை வீடுகளின் நடுவே செல்லும் என்பதைத் தாள் காட்டாது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு பாழ், எது செப்பனிடத்தக்கது, எந்த மனை வெறுமையாகக் கிடக்கிறது, கிணறும் கோயிலும் மரமும் எங்கு உள்ளன என்று குறித்தார். பாழ்வீடுகளை மட்டும் நீக்கி, வெற்று மனைகளை மரநிழல் சூழ்ந்த சதுக்கங்களாக்கி, சந்துகளைச் சிறிது அகலப்படுத்தினாலே காற்றோட்டமும் துப்புரவும் கிடைக்கும் என்று காட்டினார். இடிப்புத் திட்டத்துக்கான செலவில் ஒரு பகுதியே அதற்குப் போதுமானது. வீடிழப்போரும் மிகச் சிலரே.

கோயிலை நடுவில் வைத்துத் தேரோடும் வீதிகள் சூழ எழுந்த தமிழக ஊர்கள் அவரைக் கவர்ந்தன. காஞ்சிபுரத்தைப் பெரிதும் வியந்தார். வீட்டுக்குள் அவர் கண் முதலில் சென்றது முற்றத்துக்கு. பெண்களின் பொழுதெல்லாம் கழியும் இடம் வீடே என்பதால், முற்றத்தையும் திண்ணையையும் குறுக்குவது அவர்களின் நலத்தைக் குறுக்குவதாகும் என்பதை உணர்ந்திருந்தார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்க்க முனைந்தோரிடம், மீனும் வாத்தும் விட்டுக் குளத்தைக் காக்கலாம் என்று எடுத்துரைத்தார். குளம் தூர்ந்தால் அண்டைக் கிணறும் வற்றும் என்பதை நம் ஊர்ப் பெரியோர் அறிவர். அயல்நாட்டிலிருந்து வந்த அவரும் அதை அறிந்திருந்தார்.

இந்தூரில் ஒரு தீபாவளி

1917ஆம் ஆண்டு அவர் வாழ்வில் கொடியது. போர்முனையில் அலாஸ்டர் மாண்ட செய்தி வந்தபோது அன்னா கடுங்காய்ச்சலில் கிடந்தார். மகனின் மறைவை அவரிடம் கூறக் கெடிஸுக்கு மனம் துணியவில்லை. மகன் முன்பு எழுதிய கடிதங்களையே படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சில வாரங்களில் அன்னாவும் உயிர் நீத்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஜேம்ஸ் கோர்ட்டில் தொடங்கிய இல்லறம் இந்திய மண்ணில் முடிந்தது.

துயரத்தை அவர் வேலையில் கரைத்தார். இந்தூரில் கொள்ளைநோய் பரவியிருந்தது. எலிகளால் பரவும் அந்நோயை வீட்டைத் தூய்மை செய்யாமல் தடுக்க இயலாது. ஆணை பிறப்பித்தால் மக்கள் அஞ்சுவர், ஆனால் செய்யமாட்டார்கள். ஆகவே, அரசரிடம் ஒருநாள் மட்டும் அரச அதிகாரம் பெற்ற கெடிஸ், தீபாவளி ஊர்வலத்தை வழக்கமான வழியில் விடாமல், எந்தத் தெருவில் வீடுகள் மிகுதியாகச் செப்பனிட்டுத் தூய்மை செய்யப்பட்டுள்ளனவோ அந்தத் தெரு வழியே விடுவதாக அறிவித்தார். ஊர் விழித்துக்கொண்டது. தெருவுக்குத் தெரு போட்டி மூண்டது. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது, எலிகள் பிடிபட்டன, சுவர்கள் வெளுத்தன. ஊர்வலத்தில் அழுக்கு அரக்கனின் உருவமும், பெரிய எலியின் உருவமும் வந்தன. இறுதியில் அவை எரியூட்டப்பட்டன. நாள்தோறும் நகரைத் துப்புரவு செய்தும் மதிக்கப்படாத தொழிலாளர்கள், வெள்ளுடை உடுத்து, மாலை சூடி அன்று பெருமையுடன் நடந்தனர். மக்களுக்குத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. கொள்ளைநோய் தணிந்தது. நோயின் பருவம் முடிந்ததும் அதற்கு ஒரு காரணமே; முழுப் புகழையும் ஊர்வலத்துக்கே அளிப்பது மிகை. எனினும், இந்தூர் மக்கள் தம் வீடுகளைத் தாமே புதுக்கியது உண்மை.

1919 முதல் 1924 வரை பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக இருந்தார். அறிவியலறிஞர் ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். உடல்நலம் குன்றவே பிரான்சின் மோன்பெலியே நகருக்குச் சென்றார். எழுபது வயதில், கற்பாங்கான தரிசுச் சரிவு ஒன்றை வாங்கி, படிப்படியாகத் தோட்டம் அமைத்து, மாணவர் இல்லம் ஒன்றைக் கட்டத் தொடங்கினார். பணம் வழக்கம்போல் பற்றவில்லை. கட்டடம் வழக்கம்போல் வளர்ந்தது. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் அங்கேயே காலமானார்.

இந்தியாவில் அவர் எழுதிய அறிக்கைகள் பலவும் அலுவலக அடுக்குகளில் உறங்கின. பரிந்துரைகளுள் நிறைவேறியவை குறைவு. நாடு விடுதலை பெற்ற 1947இல்தான் அவற்றின் பகுதிகள் தொகுக்கப்பட்டு நூலாக வெளிவந்தன. எடின்பரோவில் நோரா அமைத்த தோட்டங்களுள் ஒன்று இன்றும் பேணப்படுகிறது. இடிப்புக்குத் தப்பிய ஜேம்ஸ் கோர்ட்டின் மாடங்களில் இன்றும் இரவில் விளக்குகள் எரிகின்றன.