பதினைந்து மாணவர்களோடு ஒரு பள்ளி: அரசியல் கற்பித்த அம்பேத்கர்

பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டுக் காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட நிறையாத காலம். 1956 ஜூலை 1 அன்று பம்பாயில் ஒரு சிறு பள்ளி தொடங்கப்பட்டது. அரசியலில் நுழைய விரும்பும் இளைஞர்களுக்கு அதற்குரிய அறிவையும் பயிற்சியையும் அளிப்பதே அதன் நோக்கம். முதல் அணியில் சேர்ந்தவர்கள் 15 பேர். பள்ளியைத் தோற்றுவித்தவர் அண்ணல் அம்பேத்கர். நாட்டின் அரசமைப்புச் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், அப்போது 65 வயதைக் கடந்து, நீரிழிவு நோயால் தளர்ந்திருந்தார். இருக்கும் சிறிது காலத்தில் அவர் செய்ய நினைத்த பணிகளுள் ஒன்றாக இப்பள்ளி அமைந்தது.

அவர் வரலாற்றை எழுதுவோர் பலர் இச்செய்தியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். ஆயினும் அவருடைய வாழ்வை ஓர் ஆசிரியரின் வாழ்வாகப் படிப்பவருக்கு, பல ஆண்டுப் பணி வந்து சேர்ந்த இடம் இதுவே என்பது விளங்கும்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்த பீமராவ், பள்ளியில் மற்ற மாணவர்களிடமிருந்து விலகிச் சாக்குத் துணியின் மேல் அமர்ந்து கல்வி கற்றவர். பரோடா அரசரின் உதவித்தொகையால் 1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். ஜான் டூயி, செலிக்மன் ஆகியோரின் வகுப்புகள் அவர் சிந்தனையை வளர்த்தன. கல்வியும் மக்களாட்சியும் பிரிக்க முடியாதவை என்று கற்பித்த டூயியின் தாக்கம் இறுதிவரை அவரிடம் நிலைத்தது. சாதியின் தோற்றம் பற்றி 1916இல் அங்கே ஆய்வுக் கட்டுரை படித்தபோது அவருக்கு வயது 25.

1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று அவர் வகுப்பில் வந்து அமர்ந்தனர். அதே கல்லூரியின் ஆசிரியர் அறையில், பொதுப் பானையிலிருந்து அவர் தண்ணீர் எடுத்துக் குடிப்பதைச் சக பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தனர். மாணவர்கள் ஏற்றுக்கொண்ட அறிவுக்கு ஆசிரியர் அறையில் இடமில்லை. 1919 ஜனவரியில், வாக்குரிமை பற்றி ஆராய வந்த சவுத்பரோ குழுவின் முன் அவர் சாட்சியம் அளித்தார். தீண்டப்படாதோருக்கு வாக்குரிமையும் தமக்குரிய பிரதிநிதிகளும் வேண்டும் என்று வாதிட்டார். வகுப்பறையில் பாடமாக இருந்ததை ஆட்சியின் முன் கோரிக்கையாக வைத்த அந்தப் பேராசிரியருக்கு அப்போது 27 வயது.

1920இல் பதவி விலகி லண்டன் சென்று, பாரிஸ்டர் பட்டமும் பொருளாதார முனைவர் பட்டமும் பெற்றார். பின்னர் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பகுதிநேரப் பேராசிரியராகக் கற்பித்தார். 1935 ஜூனில் அதன் முதல்வரானார். அவ்வாண்டு அக்டோபரில்தான், இந்துவாகப் பிறந்தாலும் இந்துவாக இறக்கப் போவதில்லை என்பதை இயோலா மாநாட்டில் அறிவித்தார். அரசுக் கல்லூரியின் முதல்வர் பதவி அவருடைய நாவைக் கட்டவில்லை.

1945 ஜூலை 8 அன்று மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அதன் சார்பில் 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி பிறந்தது. அங்கே மாணவர் நாடாளுமன்றம் ஒன்று இயங்கியது. மாணவர்களே பிரதமராக, அமைச்சராக, எதிர்க்கட்சியாக அமர்ந்து மசோதாக்களை விவாதித்தனர். இந்து சட்டத் திருத்தம் அங்கே விவாதத்துக்கு வந்தபோது, நாட்டின் சட்ட அமைச்சரான அம்பேத்கரே அந்த அவையில் பேசினார். சொந்த மன்றத்தில் அமர்ந்து வாதிட்டுத் தோற்கவும் வெல்லவும் பழகிய மாணவருக்கு, நாளை உண்மையான மன்றம் அந்நியமாகத் தோன்றாது. 1956ஆம் ஆண்டுப் பள்ளி இதன் அடுத்த படி.

அவ்வாண்டு அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவினார். டிசம்பர் 6 அன்று டெல்லியில் மறைந்தார். 1957 மார்ச்சில் பள்ளியும் நின்றது. முதல் அணியே இறுதி அணியானது. அவர் எண்ணிய இந்தியக் குடியரசுக் கட்சி 1957 அக்டோபரில் உருவாயிற்று. சென்னைச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திய ந. சிவராஜ் அதன் தலைவரானார். பின்னாளில் கட்சி பல துண்டுகளாயிற்று. தொண்டர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி தொடர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்றும் நம்முன் நிற்கும் கேள்வி.

இக்கேள்வி காரைக்காலுக்குத் தொலைவானதன்று. பிரெஞ்சு இந்தியாவின் ஆண்களுக்கு 1848இலேயே வாக்குரிமை அறிவிக்கப்பட்டது. சாதி அதற்குத் தடையாக வைக்கப்படவில்லை. ஆனால் நிலமும் கூலியும் யார் கையில் இருந்தனவோ அவர்கள் கையிலேயே வாக்கும் இருந்தது. உரிமை முன்னே வந்தும் அதைக் கையாளும் கல்வி பின்னே வரவில்லை. இன்று காரைக்கால் மாவட்டத்தின் ஐந்து சட்டமன்றத் தொகுதிகளுள் நெடுங்காடு பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. உள்ளாட்சியிலோ, புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் முடிந்த பின்னரும் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. அரசியலின் முதல் வகுப்பறை ஊர் மன்றமே. அது பூட்டிக் கிடந்தால், சேரியிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவர் மக்களாட்சியை எங்கே கண்டு பழகுவார்?

அந்தப் பொறுப்பு இப்போது கல்லூரிகளின் மேல் விழுகிறது. அறிஞர் அண்ணா அரசுக் கல்லூரியிலும், அவ்வையார் மகளிர் கல்லூரியிலும், பல்கலைக்கழகத்தின் காரைக்கால் வளாகத்திலும் அரசியல் பாடம் தேர்வோடு முடியவேண்டியதில்லை. மாணவர்களே மன்றம் கூட்டலாம். நகராட்சிச் சட்டத்தைப் படித்து விவாதிக்கலாம். பட்டியல் சாதியினருக்கான சிறப்பு நிதி தம் ஊரில் எங்கே செலவாயிற்று என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். வந்த பதிலை அவையில் வைத்து வாதிடலாம். இதற்குப் பெரும் கட்டடமோ பெருந்திரளோ தேவையில்லை. பம்பாய்ப் பள்ளி 15 பேரோடுதான் தொடங்கியது.