மாண்டிசோரி அம்மையார்

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்வார் இல்லங்கள் மிகுதி. அங்குள்ள முதிய நெசவாளர், நூலை விரலால் தடவியே அதன் தன்மையைச் சொல்ல வல்லவர். அவருக்குக் கையே கண். குழந்தையின் அறிவும் கைவழியே வளர்வது என்று கண்டு, பள்ளியையே அதற்கேற்ப மாற்றியமைத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் வகுத்த கல்விப் பொருள்களுள் பட்டுநூல் சுற்றிய சிறு பலகைகளும் இருந்தன. எட்டு நிறம், நிறத்துக்கு எட்டுச் சாயல் என அவை 64. காஞ்சிப் பிள்ளைகள் கண்டால் தம் வீட்டுப் பொருள் என்றே எண்ணுவர்.

அம்மையார் 1870 ஆகஸ்டு 31 அன்று இத்தாலி நாட்டில் கியாரவாலே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அந்நாளில், ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1896 இல் மருத்துவரானார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியபோது, அவர்களுக்கு மருந்தினும் கல்வியே வேண்டற்பாலது என உணர்ந்தார்.

ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், சிறுவர்கள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்கி வந்தனர். கட்டடத்தார் அவர்களை அடக்கிவைக்க ஓர் அறை ஒதுக்கினர். 1907 ஜனவரி 6 இல் அவ்வறையில் அம்மையாரின் முதற் பள்ளி தொடங்கிற்று. சுவரைக் காக்கத் தந்த அறை பல தலைமுறைக் குழந்தைகளுக்கு உதவியது வியப்பன்றோ!

ஒருநாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்தார். மறுநாள் காலந்தாழ்த்தும் வந்தார். அதற்குள் குழந்தைகள் தாமே பொருள்களை எடுத்து, அமைதியாகத் தத்தம் வேலையில் ஈடுபட்டிருந்தனர். இதனை அம்மையார் குற்றமாகக் கொள்ளவில்லை. பெரிய அலமாரியை அகற்றிக் குழந்தையின் கைக்கெட்டும் தாழ்ந்த அடுக்குகளை வைப்பித்தார். சிறுவர் தூக்கி நகர்த்தத்தக்க சிறு மேசைகளும் நாற்காலிகளும் வந்தன. அவ்வாண்டு ஏப்ரலிலேயே அப்பகுதியில் இரண்டாம் பள்ளி எழுந்தது. 1908 இல் மிலான் நகரிலும் ஒன்று தோன்றிற்று.

பள்ளியை விரிவாக்குதல் என்றதும் கல், சுண்ணாம்புக் கணக்கையே நாம் முதலில் எடுக்கிறோம். அம்மையாரோ குழந்தையின் உயரத்தையும் கையின் வலிமையையும் முதலில் அளந்தார்.

இத்தாலியில் முசோலினி ஆட்சியோடு முரண்பாடு முற்றியது. 1934 இல் அவர்தம் பள்ளிகள் அங்கு மூடப்பட்டன. நாடு துறந்த அம்மையார், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் தம் 69 ஆம் வயதில் சென்னைக்கு வந்தார். அடையாற்றில் அவரிடம் பயிற்சி பெற ஏறத்தாழ 300 பேர் திரண்டனர். அத்துணைப் பேர்க்கு இடம் ஏது? மாளிகை எழுப்பக் காலமில்லை. தோட்டத்து மரங்களிடையே ஓலைக் குடில்கள் அமைந்தன. அம்மையார் இத்தாலிய மொழியில் விரிவுரையாற்ற, மகன் மாரியோ அதனை ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார்.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு இருவரையும் பகைநாட்டவராகக் கருதியது. மாரியோ அகமதுநகர்ச் சிறைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்; அம்மையார் அடையாற்றை விட்டு நீங்கலாகாது எனத் தடுக்கப்பட்டார். மொழியறியா நாட்டில், முதுமையில், தம் சொல்லைப் பிறர்க்கு உணர்த்திய மகனையும் பிரிந்த அத்தாயின் துயரத்தை எண்ணிப் பாருங்கள், மாணவர்களே! அவ்வாண்டு அவரது எழுபதாம் பிறந்தநாளில் அரசு மாரியோவை விடுவித்தது.

பின்னர் இருவரும் கொடைக்கானல் மலைக்குச் சென்றனர். அங்கு நடத்திய சிறு பள்ளியில் மழலையரும் வளர்ந்த சிறுவரும் கலந்து பயின்றனர். வளர்ந்தோரின் வினாக்கள் அறைக்குள் அடங்கவில்லை. மலைச் செடிகளும் சிற்றுயிர்களும் அவர்களுக்குப் பாடமாயின. அப்பள்ளி விரிந்த முறை அது. புதுச் சுவர் எழுப்பியன்று.

1946 இல் ஐரோப்பாவுக்குத் திரும்பிய அம்மையார், மறு ஆண்டே மீண்டும் சென்னைக்கு வந்து பணியாற்றினார். 1952 மே 6 இல், ஆலந்து நாட்டின் நூர்டுவைக் என்னும் கடற்கரையூரில் அவர் உயிர் நீத்தார். அப்போது வயது 81. ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது பற்றி அன்றுதான் மகனோடு பேசியிருந்தார்.