செங்கல்லுக்குள் காற்றை வைத்தவர்

வரும் பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருளைப் பார்த்திருப்பீர்கள். மாடிப்படிச் சுவரில் இருக்கும் சிமெண்ட் ஜாலிகளைக் கண்ணாடி போட்டு மூடுவதா, வேண்டாமா என்பதுதான் அது. புறா வந்து அசிங்கம் செய்கிறது, சாரல் அடித்துப் படி வழுக்குகிறது, தூசி படிகிறது. மூன்று புகாரும் நியாயமானவை. ஆனாலும் கை தூக்குவதற்கு முன், அந்த ஓட்டைச் சுவரை நம்பி ஆயுள் முழுக்க வீடு கட்டிய ஒருவரைப் பற்றி இந்த இதழில் சொல்லிவிடத் தோன்றியது. வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கிறது. நமக்கு அவரைத் தெரிந்திருப்பது நல்லது.

லாரி பேக்கர் 1917 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தார். அங்கேயே கட்டடக்கலை படித்தார். இரண்டாம் உலகப் போர் வந்தபோது, குவேக்கர் கிறிஸ்தவரான அவர் துப்பாக்கி தூக்க மறுத்து ஆம்புலன்ஸ் பிரிவில் சேர்ந்தார். சீனாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே தொழுநோயாளிகளைக் கவனித்துக்கொண்டார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காக பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. அப்போதுதான் காந்தியைச் சந்தித்தார். சீனாவில் கந்தல் துணியால் செய்த செருப்பு அவர் காலில் இருந்ததைக் காந்தி கவனித்துப் பேச்சுக் கொடுத்தாராம். வீடு கட்டும் பொருளெல்லாம் கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைலுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னது பேக்கரின் மனதில் தங்கிவிட்டது.

1945இல் அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். பழைய தொழுநோய் விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றும் வேலை அவருக்கு. இங்கிலாந்தில் படித்த படிப்பு இங்கே பெரிதாகக் கைகொடுக்கவில்லை. கரையானையும் பருவமழையையும் மண்சுவரையும் அவர் கொண்டுவந்த புத்தகங்கள் அறியவில்லை. உள்ளூர்க் கொத்தனார்கள் அறிந்திருந்தார்கள். 1948இல் கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத்தை மணந்தார். தேனிலவுக்கு இமயமலைப் பக்கம் பித்தோராகருக்குப் போன இடத்தில், டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். தம்பதி அங்கேயே பதினாறு ஆண்டுகள் தங்கிவிட்டார்கள். மலைக்கல்லை வைத்தே வீடும் மருத்துவமனையும் எழுந்தன. பிறகு 1963இல் கேரளத்தின் வாகமண், அங்கிருந்து திருவனந்தபுரம்.

நமக்கு வேண்டிய பாடம் திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. இமயமலையில் குளிரை வெளியே நிறுத்தினால் போதும். கடலோர ஊரில் காற்றிலேயே ஈரம். வியர்வை உலராது, காற்று ஓடினால்தான் உடம்பு குளிரும். நம் ஊரில் சித்திரை வெயில் சுள்ளென்று காய்ந்தாலும், ஆடிக் கிருத்திகைக் காவடிக் கூட்டத்தில் நின்றவர்களுக்குப் புழுக்கம் என்றால் என்னவென்று தெரியும். பேக்கர் சன்னல்களைக் குறைத்து, செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிச் சல்லடை போன்ற சுவர்களை எழுப்பினார். கண் கூசும் வெளிச்சம் தடுக்கப்படும், காற்று மட்டும் நுழையும். சன்னல் சட்டம், கண்ணாடி, கம்பி எல்லாவற்றின் செலவும் மிச்சம்.

அடுத்தது, பொறியாளர்கள் ராட் டிராப் பாண்ட் என்று சொல்லும் எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் சுமார் மூன்று அங்குலம் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் செங்கல் சுமார் 25 சதவீதம் குறையும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலை எளிதில் கடத்தாது. குறைகிற ஒவ்வொரு செங்கல்லும் சூளையில் எரியாமல் போகும் எரிபொருள் என்பதையும் அவர் கணக்கில் வைத்தார். நம் மாவட்டத்துச் சூளைப் புகையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூரையில் இன்னொரு வேலை செய்தார். கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதி பளுவைத் தாங்குவதில்லை, அங்கே கம்பிதான் தாங்குகிறது. அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சிமெண்ட் குறைந்தது, கீழே இறங்கும் சூடும் குறைந்தது. இதற்குப் பெயர் ஃபில்லர் ஸ்லாப்.

1970களின் தொடக்கத்தில், பொருளாதார அறிஞர் கே. என். ராஜ் அழைத்ததால், உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டினார். (இது உள்ளூர் என்னும் பெயருடைய இடம், திருவனந்தபுரத்தில் இருக்கிறது!) மரங்களை வெட்டாமல் சுவர்களை வளைத்துக்கொண்டு போனார். பின்னர் அங்கே கணினிக்கான கட்டடம் தேவைப்பட்டபோது, உள்ளே ஒரு மூடிய சுவர், வெளியே அதற்கு நிழல் தரும் ஜாலிச் சுவர் என்று இரட்டையாகக் கட்டினார். பூந்துறை மீனவர்களுக்குக் கட்டிய சிறு வீடுகளை ஒரே வரிசையில் நிறுத்தவில்லை. முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளி வைத்தார். எந்த வீடும் அடுத்த வீட்டுக்கு வரும் கடற்காற்றை மறிக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். காற்று ஒருவர் வீட்டுச் சொத்து இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் மாடிப்படி ஜாலியும் அப்படித்தான். அதன் வழியாகத்தான் நான்கு தளத்துச் சூடும் மேலே ஏறி வெளியே போகிறது. மூடினால், முதல் தளத்தில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போகலாம். மேல் தளத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அவர் முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜாலி வழியாகக் கொசுவும் வரும். பூசாத சுவரில் ஒட்டடை சேரும். சாரலைத் தடுக்கக் கூரையை நன்றாக வெளியே நீட்ட வேண்டும், அவர் நீட்டினார். நமக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் சன்ஷேடை ஒரு சாண் அளவில் நிறுத்திவிட்டார்கள். எலிப்பொறிக் கட்டுக்குச் செங்கல்லெல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும், கைதேர்ந்த கொத்தனாரும் வேண்டும். அதனால்தான் பேக்கர் தினமும் கட்டும் இடத்திலேயே நின்றார். பழைய உறைகளின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டார். ஏழைக்காக அவர் கண்டுபிடித்த சிக்கனத்தை வசதியானவர்கள் அழகுக்காக எடுத்துக்கொண்டதும் நடந்தது.

1985இல் அச்சுத மேனன், கே. என். ராஜ் ஆகியோருடன் சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு உருவாகத் துணைநின்றார். இந்தியக் குடியுரிமை பெற்றார். 1990இல் பத்மஸ்ரீ விருது வந்தது. நாலாஞ்சிறை மலைச்சரிவில் தனக்கென ஒரு வீட்டைப் பிறர் ஒதுக்கிய பொருட்களையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே இருந்தார். 2007 ஏப்ரல் 1 அன்று, தொண்ணூறு வயதில் திருவனந்தபுரத்தில் காலமானார்.

கூட்டத்தில் நான் கண்ணாடி வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறேன். புறாவுக்கு வலை, சாரலுக்கு ஜாலியின் மேல் நீளமான சன்ஷேடு என்று இரண்டுக்கும் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம், கூட்டத்துக்கு முன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். அதற்குள் திருவனந்தபுரம் போகிறவர்கள் இருந்தால், தம்பானூர் பஸ் நிலையத்தின் அருகே இந்தியன் காபி ஹவுஸில் ஏறிப் பாருங்கள். சிவப்பாகச் சுருண்டு மேலே போகும் அந்தக் கட்டடம் பேக்கர் கட்டியதுதான். மதிய நேரத்தில் போய், சுவர் ஓட்டைப் பக்கமாக உட்காருங்கள்.