நாராவில் கண் திறந்த தென்னாட்டுத் துறவி

கோயிலில் புதிய திருவுருவம் ஒன்று எழுந்தருளும்போது செய்யப்படும் சடங்குகளுள் கண் திறப்பு மிக முக்கியமானது. சிற்பி உடல் முழுவதையும் செதுக்கி முடித்திருந்தாலும், விழி திறக்கப்படும் வரை அது வெறும் கல்லாகவோ செம்பாகவோதான் கருதப்படுகிறது. பெங்களூர் பசவனகுடியில் வாழ்பவருக்கும் மதுரையில் வாழ்பவருக்கும் இச்சடங்கு நன்கு அறிமுகமானதே. கி.பி. 752-ஆம் ஆண்டில் ஜப்பானின் அன்றைய தலைநகரான நாராவில், ஒரு மாபெரும் வெண்கலப் புத்தர் திருவுருவத்திற்கு இதே சடங்கை நிகழ்த்தியவர் தென்னிந்தியத் துறவி ஒருவர். அவரே போதிசேனர்.

தேடலும் அழைப்பும்

போதிசேனர் கி.பி. 704-இல் தென்னிந்தியாவில் பரத்வாஜ கோத்திரத்து அந்தணர் குலத்தில் பிறந்தார். பௌத்தத் துறவறத்தை ஏற்றார். ஞானத்தின் வடிவமாகிய மஞ்சுஸ்ரீ போதிசத்துவர் சீனத்தின் வூதாய் மலையில் உறைகிறார் என்பது அக்காலப் பௌத்தர்களின் நம்பிக்கை. அவரைத் தரிசிக்கும் வேட்கையோடு போதிசேனர் தாயகத்தை விட்டுப் புறப்பட்டுச் சீனத்தை அடைந்தார். மஞ்சுஸ்ரீ அங்கு இல்லை, ஜப்பானில் பிறந்திருக்கிறார் என்ற செய்தியே அவருக்கு அங்கே கிடைத்தது என்கிறது பிற்கால மரபுக் கதை.

அந்நாளில் டாங் பேரரசின் தலைநகராகிய சாங்கானுக்கு ஜப்பானியத் தூதுக்குழு ஒன்று வந்திருந்தது. அதன் தலைவர் தாஜிஹி நோ ஹிரோனாரி, ஜப்பானுக்கு வந்து அறம் போதிக்குமாறு போதிசேனரை வேண்டினார். போதிசேனர் இசைந்தார். சம்பா நாட்டுத் துறவி புத்தெத்சு, சீனத் துறவி தாவோசுவான் ஆகியோருடன் கடல் கடந்து 736-இல் ஜப்பானை அடைந்தார்.

இன்றைய ஒசாகாவாகிய நானிவா துறைமுகத்தில் அவரை வரவேற்றவர் முதுபெரும் துறவி க்யோகி. பாலங்கள் கட்டியும் குளங்கள் வெட்டியும் எளிய மக்களிடையே தொண்டாற்றியவர் அவர். மக்களைத் திரட்டிப் போதிக்கிறார் என்பதற்காக அரசு ஒரு காலத்தில் அவரைத் தடுத்ததும் உண்டு. போதிசேனர் தேடிவந்த மஞ்சுஸ்ரீ இந்த க்யோகியே என்று மரபுக் கதை முடிகிறது. மலையுச்சியில் தேடிய ஞானம் ஏழைகளுக்குத் தொண்டு செய்பவரின் உருவில் எதிர்கொண்டு வந்தது என்பதே அக்கதையின் உட்பொருள்.

துயரிலிருந்து எழுந்த சங்கற்பம்

அவர் சென்று சேர்ந்த நாடு பெருந்துயரில் இருந்தது. 735 முதல் 737 வரை பரவிய பெரியம்மை, மக்களுள் நான்கில் ஒரு பங்கினரையோ அதற்கு மேற்பட்டோரையோ பலிகொண்டது. ஆட்சியை நடத்திவந்த புஜிவாரா குலத்துச் சகோதரர் நால்வரும் ஒரே ஆண்டில் மாண்டனர். மனம் கலங்கிய பேரரசர் ஷோமு, 743-இல் வைரோசன புத்தருக்கு மாபெரும் திருவுருவம் அமைக்கச் சங்கற்பம் செய்தார். ஒரு புல்லையோ ஒரு பிடி மண்ணையோ கொண்டு வருபவரின் பங்களிப்பும் ஏற்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். மக்களின் காணிக்கையைத் திரட்டும் பொறுப்பை, ஒருகாலத்தில் தடுக்கப்பட்ட க்யோகியே ஏற்றார். 747-இல் தொடங்கிய வார்ப்பு எட்டு கட்டங்களாக நிகழ்ந்து 749-இல் முடிந்தது. அதே ஆண்டில் க்யோகி மறைந்தார்.

போதிசேனரோ நாராவின் தாய்ஆன்-ஜி மடத்தில் தங்கி, அவதம்சக சூத்திரத்தை நாள்தோறும் ஓதிவந்தார். ஒவ்வொரு பொருளிலும் மற்ற எல்லாப் பொருள்களும் பிரதிபலிக்கின்றன என்பது அந்நூலின் தத்துவம். வைரோசனரே அந்நூலின் மைய தெய்வம். 751-இல் அவர் துறவியர் சங்கத்தின் மிக உயர்ந்த பொறுப்பில் அமர்த்தப்பட்டார்.

அடுத்த ஆண்டு தோதாய்-ஜி ஆலயத்தில் கண் திறப்பு நிகழ்ந்தது. அரியணையை மகளிடம் ஒப்படைத்துவிட்ட ஷோமு உடல் நலிந்திருந்தார். எனவே போதிசேனர் தூரிகையை ஏந்தினார். தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. கீழே கூடியிருந்தோர் அவற்றைப் பற்றிக்கொண்டனர். தூரிகையை ஏந்தியது ஒரு கையே ஆயினும், விழியைத் திறந்ததில் அனைவருக்கும் பங்கிருந்தது. அவதம்சகத்தின் தத்துவம் அன்று கண்ணால் காணத்தக்க காட்சியாயிற்று. புத்தெத்சு கொண்டுவந்த சம்பா நாட்டு இசையும் அவ்விழாவில் ஒலித்தது.

நிலைத்தது எது?

760-இல் போதிசேனர் மேற்கு நோக்கிக் கைகூப்பியபடி உயிர் துறந்தார். அமிதாப புத்தரின் உலகம் இருப்பதாகக் கூறப்படும் திசை அது. அவர் திரும்பவே இல்லாத தாயகம் இருந்த திசையும் அதுவே. ஷோமு, க்யோகி, தோதாய்-ஜியின் முதல் தலைவரான ரோபென் ஆகியோருடன் போதிசேனரையும் சேர்த்து, அவ்வாலயத்தின் நான்கு மகான்களாக ஜப்பானியர் போற்றுகின்றனர்.

ஆனால் அவர் திறந்த விழிகள் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 855-இல் திருவுருவத்தின் தலை கீழே விழுந்தது. பின்னர் அது செப்பனிடப்பட்டது. 1180-இல் போரில் மூண்ட தீ ஆலயத்தை அழித்தது. 1567-இல் மீண்டும் எரிந்தது. அதன்பின் நெடுங்காலம் புத்தர் மழையிலும் வெயிலிலும் வீற்றிருந்தார். இன்று காணும் மண்டபம் 1709-இல் நிறைவுற்றது. 57 மீட்டர் அகலமுள்ள அம்மரக் கட்டடம் முதல் மண்டபத்தைவிடச் சிறியது. பீடத்துத் தாமரை இதழ்கள் சிலவும் திருமேனியின் சில பகுதிகளுமே எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1998-இல் யுனெஸ்கோ, பண்டைய நாராவின் பிற சின்னங்களோடு தோதாய்-ஜியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

எனினும் ஒன்று அழியாமல் எஞ்சியது. போதிசேனரின் தூரிகை அருகிலுள்ள ஷோசோயின் கருவூலத்தில் காக்கப்பட்டது. முதல் தீக்குப்பின் திருவுருவம் புதுப்பிக்கப்பட்டபோது, 1185-இல் துறவு பூண்ட முன்னாள் பேரரசர் கோ-ஷிரகாவா அதே தூரிகையால் மீண்டும் கண் திறந்தார். அந்தத் தூரிகையும், ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ள நீலக் கயிறும் இன்றும் ஷோசோயின் கருவூலப் பொருள்களுள் இருக்கின்றன.

மரம் எரியும், உலோகமும் உருகும். பாரம்பரியம் என்பது இவை அல்ல. எத்தனை முறை அழிந்தாலும் மீண்டும் கண் திறக்கலாம் என்று மக்கள் உள்ளத்தில் நிலைபெறும் சிரத்தையே அது. அந்தச் சிரத்தையின் கயிற்றை ஒரு நாள் பற்றி, பிறர் கைகளில் ஒப்படைத்துச் சென்றார் போதிசேனர்.