வள்ளல் அழகப்பரும் ஆகாய வாணிபமும்

பொருளை ஈட்டுதல் அரிது. ஈட்டிய பொருளைக் காத்தல் அதனினும் அரிது. ஒரு முயற்சியிற் பொருள் கரைந்து போகும் வேளையிலும் மனங்கலங்காது, எஞ்சியதைப் பிறர்க்கு வழங்கும் ஆற்றலோ எல்லாவற்றினும் அரிது. இம்மூன்றும் ஒருவரிடத்தே அமைந்திருக்கக் காண்பது உலகில் எங்கோ ஒருகால் நிகழ்வதாம். செட்டிநாட்டிற் பிறந்த வள்ளல் டாக்டர் அழகப்பச் செட்டியார் அத்தகையோர். அவர் கல்விக்கு ஈந்த கொடையை நம் நாட்டார் நன்கறிவர். அவர் ஆகாய விமானக் கம்பெனி ஒன்றை நடத்திய வரலாற்றை அறிந்தோர் சிலரே. குறைந்த கட்டணத்தில் நெடுந்தூரம் செல்லும் விமானக் கம்பெனிகள் தோன்றுவதும் மறைவதுமாய் இருக்கும் இக்காலத்தில், அவ்வரலாறு மாணவர்க்குப் பெரிதும் பயன் தருவதாகும்.

1909ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் நாள், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மைந்தராய் அழகப்பர் தோன்றினார். நகரத்தார் மரபிற் பிறந்த சிறுவர்கள் கணக்கும் வட்டியும் கற்று, இளம்பருவத்திலேயே பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்த கடைகளுக்குப் பெட்டியடிப் பையன்களாய்க் கப்பலேறுவது அந்நாளைய வழக்கம். அழகப்பரோ சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம். ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டரானார். லண்டன் சார்ட்டர்டு பாங்கியிற் பயிற்சியும் பெற்றார். இவற்றோடு அமையாது, லண்டனை அடுத்த கிராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுத் தேர்ச்சி பெற்றார். தம் முன்னோர் கடலைக் கடந்தது போலத் தாம் வானைக் கடக்க விழைந்தார் போலும்! அத்தகைய ஊக்கமுடைய அவரை இளமையிலேயே தொழுநோய் பற்றிக்கொண்டது. அந்நோயுற்றாரை உலகம் ஒதுக்கி வைத்த காலம் அது. ஆயினும் அவர் ஒதுங்கி இருந்தாரல்லர்.

தாயகம் திரும்பிய அழகப்பர், முன்னோர் செய்துவந்த வட்டித் தொழிலோடு நின்றுவிடாமல் ஆலைத் தொழிலில் இறங்கினார். கொச்சி இராச்சியத்தில் திருச்சூருக்கு அண்மையில் அவர் 1937இல் தொடங்கிய நெசவாலையைச் சூழ்ந்து எழுந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகின்றது. மலேயாவில் ரப்பர்த் தோட்டங்கள், இன்ஷ்யூரன்ஸ், பங்கு வியாபாரம் என அவர் முயற்சிகள் பலவாய்க் கிளைத்தன. இரண்டாம் உலக மகாயுத்தத்தில், 1942இல், பர்மா ஜப்பானியர் வசமாயிற்று. செட்டிநாட்டுக் குடும்பங்கள் பல அங்கு வைத்திருந்த பெருஞ்செல்வத்தை இழந்தன. ஒரே நாட்டையும் ஒரே தொழிலையும் நம்பியிருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதை அந்நிகழ்ச்சி யாவர்க்கும் உணர்த்தியது. புதுத் தொழில்களை நாடும் எண்ணம் செல்வரிடையே வலுப்பெற்றது.

யுத்தம் 1945இல் முடிந்தது. போர்வீரரையும் தளவாடங்களையும் சுமந்து திரிந்த டகோட்டா என்னும் இரட்டை எஞ்சின் விமானங்கள் இந்தியாவில் ஏராளமாய்த் தேங்கிக் கிடந்தன. அமெரிக்கர் அவற்றை மலிந்த விலைக்கு விற்றனர். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையிற் பல செப்பஞ் செய்யப்பெற்றன. விமானம் வாங்குதல் எளிதாகவே, விமானக் கம்பெனி தொடங்குதலும் எளிதென்று பலர் எண்ணினர். 1946இல் அமைந்த லைசென்ஸ் போர்டும் உள்ள போக்குவரவுக்கு வேண்டியதினும் மிகுதியான கம்பெனிகளுக்கு உத்தரவு அளித்துவிட்டது. விமானம் ஓட்ட அறிந்தவரும், தொழில் நடத்த வல்லவரும், பெருஞ்செல்வருமாகிய அழகப்பர் இத்துறையிற் புகுந்ததில் வியப்பில்லை. அவர் நிறுவிய ஜூபிடர் ஏர்வேஸ் 1948இல் டகோட்டாக்களைக் கொண்டு பறக்கத் தொடங்கியது.

1948ஆம் ஆண்டு இந்திய விமான வரலாற்றிற் குறிப்பிடத்தக்கது. ஜூன் மாதம் 8ஆம் நாள் ஏர் இந்தியா இண்டர்நேஷனல் கம்பெனியின் விமானம் பம்பாயிலிருந்து புறப்பட்டு, கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனை அடைந்தது. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இந்தியக் கம்பெனி ஒன்று வான்வழியே இணைத்தது அன்றுதான். அக்கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்கு 49 அரசாங்கத்தினுடையவை. நெடுந்தூரப் பிரயாணத்தில் வரும் நஷ்டத்தைத் தாங்க அத்தகைய துணை வேண்டும் என்பதைத் தாதா அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். உள்நாட்டிற் பறந்த சிறு கம்பெனிகளுக்கோ அத்துணை கிடைத்திலது.

ஜூபிடர் ஏர்வேஸ் ஓராண்டளவே நிலைத்தது. 1949இல் அது தன் சிறகை மடக்கியது. அதே ஆண்டில் அம்பிகா ஏர்லைன்ஸும் மூடப்பட்டது. காரணங்கள் யாவை? பிரயாணிகள் சிலர், அவர்களை நாடிய கம்பெனிகள் பல. பெட்ரோல் விலையும் அதன்மீது விதித்த வரியும் மிகுதி. விமானத்தின் விலை மலிவாயினும், அதனைப் பறக்கவைக்கும் செலவு மலிவன்று. விமானி, எஞ்சினியர், பழுதுபார்த்தல் ஆகிய செலவுகள் இருக்கைகள் நிறைந்தாலும் நிறையாவிடினும் ஒன்றே. 1950இல் அரசாங்கம் அமைத்த ராஜாத்யக்ஷா கமிட்டி, கம்பெனிகள் அளவுக்கு மிஞ்சியதே நஷ்டத்தின் மூலமெனக் கண்டது. 1953இல் எஞ்சிய கம்பெனிகள் நாட்டுடைமையாக்கப்பட்டு, அவற்றின் முதலாளிகளுக்கு ஈட்டுத்தொகை அளிக்கப்பெற்றது. முன்னரே மூடிவிட்ட ஜூபிடருக்கு அந்த வாய்ப்பும் இல்லாது போயிற்று.

இங்ஙனம் வீழ்ந்தமை அழகப்பரின் அறியாமையால் என்று எவரும் கருதற்க. அவருக்குப் பல்லாண்டு பின்வந்த மேனாட்டாரும் கீழ்நாட்டாரும் அதே இடத்தில் இடறினர். லண்டனுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே குறைந்த கட்டணத்திற் பறந்த ஒயாசிஸ் கம்பெனி 2006இல் தோன்றி 2008இல் மறைந்தது. கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கு 2009இல் பறக்கத் தொடங்கிய ஏர் ஏஷியா எக்ஸ், 2012இல் அவ்வழியைக் கைவிட்டது. லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு 2017இல் விமானம் விட்ட நார்வே நாட்டுக் கம்பெனி, 2021இல் நெடுந்தூரப் பிரயாணங்களை அடியோடு நிறுத்தியது. குறுந்தூரத்தில் ஒரே விமானத்தை ஒரு நாளிற் பலமுறை பறக்கவிட்டுச் செலவைக் குறைக்கலாம். பன்னிரண்டு மணிநேரம் பறக்கும் வழியில் அதற்கு இடமில்லை. எரிபொருட் செலவோ மலைபோல் உயரும். கட்டணத்தைக் குறைப்பவர்க்கு நஷ்டத்தைத் தாங்கும் பொறுமையும் பின்னிற்கும் பொருளும் வேண்டும். திருச்சிராப்பள்ளியில் செட்டிநாட்டார் பலர் ஏறும் ஸ்கூட் கம்பெனி 2017இல் ஏதன்ஸ் வரை செல்லத் துணிந்தது. அதற்குச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்னும் தாய்க் கம்பெனி பின்னே நின்றது.

இனி, அழகப்பரின் பெருமை எங்கே விளங்குகின்றது என்பதைக் காண்போம். 1947ஆம் ஆண்டு ஜூலை மாதம் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அங்கே சர்வகலாசாலைத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகள் அமைக்க முன்வரவேண்டுமென வேண்டிக்கொண்டார். கூட்டத்திலிருந்த அழகப்பர் அவ்வேண்டுகோளை அங்கேயே ஏற்றார். அவ்வாண்டே காரைக்குடியிற் கலைக்கல்லூரி எழுந்தது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அங்கு அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் ஈந்தார். 1948 ஜூலை 25ஆம் நாள் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1950இல் கணித மேதை இராமாநுசன் பெயரால் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கழகம் நிறுவினார். திருவாங்கூர்ச் சர்வகலாசாலையில் தமிழ் வளர்வதற்கும் முன்னரே ஒரு லட்சம் ரூபாய் வழங்கியிருந்தார்.

நண்பர்களே, இவ்வாண்டுகளை ஊன்றி நோக்குமின். ஆகாயத்திற் பொருள் கரைந்த அதே ஆண்டுகளிலேதான் காரைக்குடி மண்ணிற் கல்விப்பயிர் முளைத்தது. நஷ்டம் வந்த வேளையிற் செல்வர் முதலிற் குறைப்பது தருமத்தை. அழகப்பர் விமானத்தை நிறுத்தினார்; தருமத்தை நிறுத்தினாரல்லர். போட்டியை வீம்புக்காக நீட்டித்திருப்பின், கல்லூரிக்கு உரிய பொருளும் பெட்ரோலாய்ப் புகைந்து போயிருக்கும். எதிற் பின்வாங்குதல் தகும், எதிற் பின்வாங்குதல் தகாது என அறிந்திருந்தமையே அவர் அறிவுடைமை.

ஆங்கில அரசு அளித்த சர் பட்டத்தை நாடு விடுதலை பெற்றபின் அவர் துறந்தார். நோயின் கொடுமை நாளும் பெருக, 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் நாட்டிய கல்லூரிகள் வளர்ந்த மண்ணில் 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் தோன்றியது. ஜூபிடரின் விமானங்கள் இன்று எங்கும் இல்லை. கோட்டையூரைச் சூழ்ந்த சிற்றூர்களினின்று கல்லூரிக்கு வரும் மாணவரும் மாணவியரும் இருக்கின்றனர். உலகிற் பெருமுயற்சி செய்ய விரும்பும் இளைஞர், துணிந்து பறப்பதை மட்டுமன்றி, தக்க காலத்தில் தரையிறங்குவதையும் அவ்வள்ளலிடம் கற்றுக்கொள்வாராக.