டெஸ்ட் ஆடாத தியோதர்: பெயரில் நிலைத்த ஒருநாள் கோப்பை

மண்டல அணிகளுக்கு இடையிலான உள்நாட்டு ஒருநாள் கிரிக்கெட் தொடரான தியோதர் கோப்பை, ஒரு டெஸ்டில்கூட ஆடாத வீரரின் பெயரைத் தாங்கியுள்ளது.

புனேவில் 1892 ஜனவரி 14-ஆம் தேதி பிறந்த தினகர் பல்வந்த் தியோதர், சமஸ்கிருதப் பேராசிரியராகப் பணியாற்றியவர். 1926-இல் மும்பையில் இங்கிலாந்தின் எம்.சி.சி. அணிக்கு எதிராக 148 ரன்கள் குவித்தார். ஆனால் 1932-இல் இந்தியா தனது முதல் டெஸ்டில் களமிறங்கியபோது அவருக்கு வயது 40. அணியில் இடம் கிடைக்கவில்லை.

ஆயினும் அவர் ஆட்டத்தைக் கைவிடவில்லை. அவரது தலைமையில் மகாராஷ்டிர அணி 1939-40, 1940-41 என அடுத்தடுத்து இருமுறை ரஞ்சிக் கோப்பையை வென்றது. 1944-இல், தமது 52-ஆவது வயதில், நவாநகர் அணிக்கு எதிரான ஆட்டத்தின் இரு இன்னிங்ஸிலும் சதமடித்தார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1973-74 பருவத்தில் தியோதர் கோப்பை தொடங்கப்பட்டது. 1991-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1993 ஆகஸ்ட் 24-ஆம் தேதி 101 வயதில் காலமானார்.