தீயைக் கூண்டில் அடைத்தவர்

1812-ம் ஆண்டு மே 25-ந் தேதி. இங்கிலாந்தில் நியூகாசில் நகருக்கு அருகே, பெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 92 பேர் மாண்டார்கள். சிறுவர்களும் அதில் உண்டு.

நிலக்கரியில் இருந்து ஒருவித வாயு கசியும். அது காற்றோடு கலந்திருக்கும்போது தீ பட்டால் வெடிக்கும். பூமிக்கு அடியிலோ ஒரே இருட்டு. விளக்கு இல்லாவிட்டால் வேலை இல்லை. விளக்கு இருந்தால் உயிருக்கு ஆபத்து!

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர், சர் ஹம்ப்ரி டேவி.

இளமை

டேவி 1778-ல் பென்சான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை மரத்தில் சித்திர வேலை செய்பவர். 1794-ல் அவர் இறந்துவிட்டார். 5 பிள்ளைகளில் மூத்தவர் டேவி. மறு ஆண்டே ஒரு வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். அங்கே ரசாயனத்தில் ஆசை பிறந்தது. 1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்தது. 1807-ல் பொட்டாசியம், சோடியம் என்ற உலோகங்களைப் பிரித்தெடுத்துப் புகழ் பெற்றார்.

சோதனை

1815-ல், சுரங்க விபத்தைத் தடுக்க வழி கேட்டு அவருக்குக் கடிதம் வந்தது.

டேவி உடனே விளக்குச் செய்ய உட்காரவில்லை. சுரங்கங்களை நேரில் பார்த்தார். அந்த வாயுவைப் புட்டிகளில் அடைத்து லண்டனுக்கு வரவழைத்தார். எவ்வளவு வாயு கலந்தால் வெடிக்கிறது, தீ எந்த வழியாகப் பரவுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

அப்போது ஓர் உண்மை புலப்பட்டது. மிகக் குறுகலான உலோகக் குழாய் வழியே காற்று போகிறது, தீ போவதில்லை! சுடரின் சூட்டை உலோகம் இழுத்துக்கொள்கிறது. சூடு குறைந்ததும் தீ அணைந்துவிடுகிறது.

குழாய் எதற்கு? சிறு துளையே போதும் என்று கண்டார். நெருக்கமாகப் பின்னிய கம்பி வலையால் சுடரைச் சுற்றி மூடினார். வலையில் சதுர அங்குலத்துக்கு 784 துளைகள். காற்று உள்ளே வந்தது. வெளிச்சம் வெளியே வந்தது. தீ மட்டும் கூண்டுக்குள் நின்றது.

1816 ஜனவரியில் ஹெப்பர்ன் சுரங்கத்தில் அந்த விளக்கைச் சோதித்தார்கள். வெற்றி!

பணம் வேண்டாம்

காப்புரிமை வாங்கியிருந்தால் பணம் குவிந்திருக்கும். டேவி வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் விளக்கைச் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

விபத்துகள் அடியோடு ஒழிந்துவிடவில்லை. வலை கிழிந்தால் ஆபத்துதான். விளக்கு இருக்கிற தைரியத்தில், முன்பு அஞ்சி ஒதுக்கிய இடங்களிலும் தோண்டினார்கள். ஆனாலும் அந்த வலையின் தத்துவத்தில் பிறகு எத்தனையோ நல்ல விளக்குகள் பிறந்தன.

1829-ல் ஜெனிவாவில் டேவி காலமானார். விளக்கு வேண்டுமா, உயிர் வேண்டுமா என்று தவித்த ஏழைத் தொழிலாளிக்கு, இரண்டும் கிடைக்க வழி தேடியவர் அவர்.